எல்லைப்பக்க வாசகர்களுக்கு: புத்தகம் தேடுவது, மதிப்புரை எழுதுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கிழக்கு ஓரத்தில், தமிழக எல்லையை ஒட்டி, தமிழ் பேசும் வீடுகள் நிறைய. எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் என்னுடையவை. வட்டத்தில் எல்லாரும் இதை ஒத்துக்கொண்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

நான் க்ரைம் நாவல் மட்டும்தான் படிப்பேன். அதை விட்டுவிட்டு ‘நல்ல இலக்கியம்’ படிக்க வேண்டுமா?

விட வேண்டியதே இல்லை. ராஜேஷ்குமாரைப் படித்துத்தான் இங்கே பாதிப் பேருக்குப் படிக்கும் பழக்கமே வந்தது. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் பாக்கெட் நாவல் வாங்கி, ஊர் வருவதற்குள் கொலைகாரனைக் கண்டுபிடித்தவர்கள் இன்றைக்கும் எங்கள் வட்டத்தில் நல்ல வாசகர்கள். ஒரு வகையைத் துறந்து இன்னொன்றுக்குப் போகச் சொன்னால் யாரும் போக மாட்டார்கள். பிடித்த வகைக்குப் பக்கத்து வீடு எது என்று பாருங்கள்.

க்ரைம் வாசகருக்கு நான் சொல்லும் வழி இது. முதலில் சுஜாதாவின் கணேஷ், வசந்த் கதைகள். அப்புறம் ‘திருடன் மணியன்பிள்ளை’. கொல்லம் பக்கத்துத் திருடர் ஒருவர் தன் கதையைச் சொல்ல, ஜி.ஆர். இந்துகோபன் மலையாளத்தில் எழுதியது. குளச்சல் மு. யூசுப்பின் தமிழாக்கத்துக்கு 2018க்கான சாகித்ய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசு கிடைத்தது. துப்பறியும் கதையில் நாம் போலீஸ் பக்கம் நின்று பார்ப்போம். இதில் பூட்டின் மறுபக்கம், திருடன் பக்கம் நிற்கிறோம். அதைப் படித்து முடித்தவரிடம் ஆ. மாதவனைக் கொடுக்கலாம். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்தவர். அந்தத் தெருவின் சுமைகாரர்களையும் சில்லறைக் குற்றங்களையும் எழுதினவர். இந்த இடத்துக்கு வந்துவிட்ட வாசகர் ‘இலக்கியம்’ படிக்கிறோம் என்று தெரியாமலே அதைப் படித்துக்கொண்டிருப்பார்.

‘பொன்னியின் செல்வன்’ மாதிரி சரித்திரக் கதை பிடிக்குமென்றால் சி.வி. ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்ட வர்மா’ இருக்கிறது. 1891இல் வந்த மலையாள நாவல், தமிழிலும் கிடைக்கிறது. திருவிதாங்கூர் அரசுரிமைச் சண்டை. நடை கொஞ்சம் கனம். குடும்பக் கதைக்காரர்களுக்கு நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ (1968). மலையாளம் படிக்க வருமென்றால் பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்த மலையாற்றூர் ராமகிருஷ்ணனின் ‘வேருகள்’. கேரளத்தில் வேர் பிடித்த தமிழ் ஐயர் குடும்பத்தின் கதையை மலையாளத்தில் சொல்கிறது. நம்மைப் போன்ற எல்லைக்காரர்களுக்கு அதில் புரியாத பக்கமே இருக்காது.

நமக்குப் பிடிக்கும் புத்தகத்தை எங்கே தேடுவது? விளம்பரத்தில் வருவதெல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே.

விளம்பரம் நீங்கள் ஏற்கெனவே வாங்கினதைப் போல இன்னொன்றைத்தான் காட்டும். தேடாதது கிடைக்க வேண்டுமென்றால் அலமாரி முன்னால் நிற்க வேண்டும். நூல்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுக்கும் டூயி பகுப்பு முறையில் அடுக்கின நூலகத்தில் தமிழ் இலக்கியத்தின் எண் 894.811, மலையாளத்துக்கு 894.812. ஒட்டியே இருக்கும். தமிழ் முடிகிற இடத்தில் நின்று கையை வலப்பக்கம் நீட்டினால் மலையாள எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீர்.

இன்னும் சில வழிகள். பிடித்த புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் பதிப்பகத்தார் தங்கள் மற்ற வெளியீடுகளைப் போட்டிருப்பார்கள். அதைப் படிக்காமல் மூடாதீர்கள். முன்னுரையில் ஆசிரியர் யாருக்கு நன்றி சொல்கிறார், யாரைத் திட்டுகிறார் என்று பாருங்கள். இரண்டுமே படிக்க வேண்டிய பெயர்கள். மொழிபெயர்ப்பு நூல் பிடித்திருந்தால் மூல ஆசிரியரைத் தேடுவதை விட மொழிபெயர்ப்பாளரைத் தேடுவது பல சமயம் நல்ல பலன் தரும். குளச்சல் யூசுப்பின் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் மணியன்பிள்ளையில் தொடங்கி பஷீர் வரை போய்விடலாம்.

கோவைக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு உக்கடம் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன, ஜூலை வாக்கில் கொடிசியா புத்தகத் திருவிழா இருக்கிறது. திருவிழாவில் பெரிய அரங்குகளை வேகமாகத் தாண்டி, ஓரத்தில் கூட்டமில்லாமல் உட்கார்ந்திருக்கும் சின்னப் பதிப்பகங்களிடம் நேரத்தைச் செலவழியுங்கள். பெரிய அரங்கின் புத்தகம் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும்.

கேரள வாயனசாலையில் (ஊர் நூலகத்தில்) தமிழ்ப் புத்தகம் இல்லை என்கிறார்களே?

பல இடங்களில் குறைவுதான். கேட்பார் இல்லாததால் வாங்கவில்லை. வாங்காததால் கேட்பவரும் வருவதில்லை. இதை உடைக்க ஒரு வழி இருக்கிறது.

இங்கே வாயனசாலைகள் ஊர்க்காரர்கள் நடத்துபவை. பி.என். பணிக்கர் 1945இல் 47 நூலகங்களைச் சேர்த்துத் திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கத்தைத் தொடங்கினார். அவர் மறைந்த ஜூன் 19ஐத்தான் இன்றைக்கும் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறோம். இப்போது இணைப்பு பெற்ற நூலகங்களுக்கு நூலக கவுன்சில் மானியம் தருகிறது. மாவட்ட கவுன்சில் நடத்தும் புத்தகத் திருவிழாவில் அந்த மானியத்தை வைத்து நூலகங்கள் புத்தகம் வாங்குகின்றன. எதை வாங்குவது என்று உள்ளூர் நிர்வாகக் குழுதான் முடிவு செய்யும். ஆகவே திருவிழாவுக்கு முன்னாலேயே உறுப்பினர்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு, ஆசிரியர், பதிப்பகம், விலை எல்லாம் குறித்த தமிழ்ப் பட்டியல் ஒன்றைக் கொடுங்கள். “தமிழ்ப் புத்தகம் வாங்குங்கள்” என்று பொதுவாகச் சொன்னால் ஆகாது. பட்டியல் கையில் இருந்தால் செயலாளருக்கு வேலை சுலபம். நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தேதான் போகிறது, கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஒரு துணுக்கு: நம் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் அன்று கொச்சி ராஜ்யம், பாலக்காடு நகரமோ மலபாரில், அதாவது சென்னை மாகாணத்தில். 1948ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டம் பாலக்காட்டுக்குப் பொருந்தியது, சித்தூருக்குப் பொருந்தவில்லை. இரண்டையும் ஒரே சட்டத்தின் கீழ்க் கொண்டுவர 1989 வரை ஆனது.

மலையாளம் பேச வரும், படிக்க வராது. மூலத்தில் படிக்க ஆசை. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, முடியுமா?

முடியும். மொழி ஏற்கெனவே உங்கள் காதில் இருக்கிறது, எழுத்து மட்டும்தான் பாக்கி. தமிழில் ஒரே ‘க’ இருக்கிற இடத்தில் அங்கே நான்கு எழுத்து. ச, ட, த, ப வரிசைகளும் அப்படியே. கூட்டெழுத்துகள்தான் தொல்லை. பஸ் போர்டு, கடைப் பெயர்ப்பலகை, சினிமா போஸ்டர் என்று ஆரம்பித்து நாளிதழ்த் தலைப்புக்கு வாருங்கள்.

புத்தகமென்றால் பஷீரில் தொடங்குங்கள். வாக்கியங்கள் சின்னவை, பேச்சு நிறைய. ‘பால்யகால சகி’யின் மலையாளப் புத்தகத்தை ஒரு கையிலும் தமிழாக்கத்தை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு பத்திக்குப் பத்தி போகலாம். பழைய அச்சுப் புத்தகத்தை முதலில் எடுக்க வேண்டாம். 1971இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து கூட்டெழுத்துகள் குறைந்தன. அதற்கு முந்தைய அச்சு புதிதாகக் கற்பவரைப் பயமுறுத்திவிடும்.

மூலமொழி தெரியாதபோது மொழிபெயர்ப்பு நன்றாக இருக்கிறதா என்று எப்படிச் சொல்வது?

மூலத்தோடு ஒப்பிடுவது அறிஞர் வேலை. வாசகராக நீங்கள் சோதிக்கக் கூடியவையும் உண்டு. முதலில், நேரடியாக மலையாளத்திலிருந்து வந்ததா, ஆங்கிலம் வழியாகச் சுற்றி வந்ததா என்று பதிப்பு விவரப் பக்கத்தில் பாருங்கள். மொழிபெயர்ப்பாளர் பெயரை அட்டையில் போட்டிருக்கிறார்களா? உள்ளே பொடி எழுத்தில் ஒளித்து வைத்தால் அந்தப் பதிப்பகம் அவரை எப்படி நடத்துகிறது என்று தெரிந்துவிடும்.

அடுத்து, உரையாடலை வாய்விட்டுப் படியுங்கள். வயலில் நிற்கும் கிழவர் பேசும் தமிழும் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா பேசும் தமிழும் ஒன்றாக ஒலித்தால் எங்கோ தவறியிருக்கிறது. ஓ.வி. விஜயனின் ‘கசாக்கின் இதிகாசம்’ இதற்கு நல்ல சோதனைக்களம். 1969இல் புத்தகமாக வந்த அந்த நாவலின் கசாக்குக்குப் பின்னால் இருப்பது பாலக்காட்டுக்குப் பக்கத்துத் தஸ்ராக். ஓராசிரியர் பள்ளிக்கு ரவி வந்து சேர்கிற அந்த ஊரின் ராவுத்தர்கள் பேச்சில் தமிழ் கலந்தே இருக்கும். அதைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது அந்தக் கலப்பு காணாமல் போகும் ஆபத்து உண்டு. தமிழாக்கம் செய்த யூமா வாசுகிக்கு 2017க்கான சாகித்ய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசு கிடைத்தது. பரிசு இருக்கட்டும். சென்னை வாசகருக்கும் திருச்சூர் வாசகருக்கும் இல்லாத வசதி ஒன்று உங்களுக்கு உண்டு: அந்தப் பேச்சை நீங்கள் சந்தையில் கேட்டிருக்கிறீர்கள். படித்துப் பார்த்து, எது காதில் ஒட்டியது, எது ஒட்டவில்லை என்று எழுதுங்கள். அப்படி ஒரு மதிப்புரையை நம்மைத் தவிர வேறு யாரும் எழுத முடியாது.

மதிப்புரை என்றால் என்ன எழுத வேண்டும்? எனக்கு ‘நன்றாக இருக்கிறது’ என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

ஒரு உதாரணம் காட்டுகிறேன். ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ பற்றி எங்கள் வட்டத்து அக்கா ஒருவர் எழுதிக்கொண்டு வந்தது:

“கொங்கு மண்ணின் வாழ்வை அழகாகப் படம்பிடித்துக் காட்டும் அருமையான நாவல். விறுவிறுப்பான நடை. அனைவரும் அவசியம் படிக்க வேண்டும்.”

பெயரை எடுத்துவிட்டால் இது நூறு நாவலுக்குப் பொருந்தும். “அக்கா, மூடி வைத்த பிறகு எது மனசிலேயே நின்றது?” என்று கேட்டேன். “பங்கு கேக்கறது அவ உரிமைதானுங்க. ஆனா கேக்கச் சொல்லிக் கிளப்பிவிடறவன் யோக்கியன் இல்லையே, அதுதான் உறுத்துது” என்றார். அதையே எழுதச் சொன்னோம். இரண்டாவது தடவை வந்தது:

“1942இல் வந்த நாவல். புருஷனை இழந்த நாகம்மாள் கொழுந்தன் குடும்பத்தோடு இருக்கிறாள். நிலத்தில் தன் பங்கைப் பிரித்துக் கேட்கிறாள். கேட்பது நியாயம். ஆனால் அவளைத் தூண்டுகிறவர்கள் நியாயத்துக்காகத் தூண்டவில்லை. யார் பக்கம் நிற்பது என்று தெரியாமலே கடைசி வரை படித்தேன். பேச்செல்லாம் நம் பக்கத்துப் பேச்சு. பாகப்பிரிவினை நடந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்குச் சில பக்கங்கள் கஷ்டமாக இருக்கும்.”

இதில் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று தெரிகிறது, படித்தவர் எங்கே திணறினார் என்று தெரிகிறது, யாருக்குப் பொருந்தும் என்றும் தெரிகிறது. ‘அருமை’ என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை, கவனியுங்கள். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் இரண்டை நான் மதிப்புரைக்கும் எடுத்துக்கொள்வேன்: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் உண்டு. அந்த இரண்டு பேரையும் சேர்த்து வைக்கிற வேலைதான் உங்களுடையது.

எல்லா வகைப் புத்தகத்துக்கும் ஒரே அளவுகோல் வைக்கலாமா?

கூடாது. இந்த ஒரு விஷயத்தில் வட்டத்தில் நான் சண்டையே போட்டிருக்கிறேன். ஒவ்வொரு வகையும் வாசகருக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறது. அந்த வாக்கைக் காப்பாற்றியதா என்பதுதான் முதல் கேள்வி. பெரிய இலக்கியமா என்பது அப்புறம். துப்பறியும் கதையில் ‘ஆழமான மனித விசாரம் இல்லை’ என்று குறை சொல்வது புத்தகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. தடயங்களை நம் கண்ணெதிரே வைத்துவிட்டு ஏமாற்றினாரா, கடைசி அத்தியாயத்தில் புதிதாக ஒரு அண்ணன் தம்பியை இறக்கினாரா என்று பாருங்கள். கோட்டயம் புஷ்பநாத்தின் துப்பறியும் கதைகள் தமிழிலும் வந்திருக்கின்றன. ராஜேஷ்குமாரையும் அவரையும் அடுத்தடுத்துப் படித்து, யார் நேர்மையாக விளையாடுகிறார் என்று எழுதலாம். சுவாரசியமாக இருக்கும்.

சமையல் புத்தகமென்றால் சமைத்துப் பார்க்காமல் மதிப்புரை எழுதக் கூடாது. குறைந்தது இரண்டு: உங்களுக்குக் கைவந்தது ஒன்று, தெரியாதது ஒன்று. கைவந்ததில் ஆசிரியரின் அளவு சரியா என்று தெரியும். தெரியாததில் அவர் சொல்லிக்கொடுக்கும் திறமை தெரியும். “தேவையான அளவு புளி” என்று எழுதியிருப்பவர் ஏற்கெனவே தெரிந்தவருக்குத்தான் எழுதியிருக்கிறார். அதைச் சொல்லிவிடுங்கள்.

கட்டுரை நூல், வரலாறு, சுற்றுச்சூழல் என்றால் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இடத்தைப் பற்றி அதில் என்ன இருக்கிறது என்று முதலில் தேடுங்கள். மேற்கு மலைத்தொடர் பற்றிய புத்தகமா, பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கத்தைத் திருப்புங்கள். கணவாய் வழியே வரும் காற்றும், மலைமறைவு காரணமாகச் சித்தூர்ப் பக்கம் மழை குறைவதும் நமக்குப் புத்தகம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கேரளம் முழுக்க ஒரே பச்சை என்று எழுதியிருந்தால் மற்ற பக்கங்களையும் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள்.

சரித்திர நாவலில் எது ஆவணத்தில் இருக்கிறது, எது ஆசிரியர் கற்பனை என்று பின்னுரையில் சொல்லியிருக்கிறாரா என்று பார்க்கலாம். கவிதைக்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி, பிடித்த கவிதை ஒன்றைச் சொல்லி ஏன் பிடித்தது என்று இரண்டு வரி எழுதுவது. சிறுவர் புத்தகத்தை ஒரு குழந்தைக்கு வாசித்துக் காட்டாமல் எழுதவே வேண்டாம்.

கதையை எவ்வளவு தூரம் சொல்லலாம்?

பொதுவாக முதல் கால்பாகம். துப்பறியும் கதையில் பிணம் கிடைக்கும் வரை.

பிடிக்காத புத்தகத்தைப் பற்றி எழுதலாமா? பாதியில் நிறுத்தினதைப் பற்றி?

தாராளமாக. எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள், ஏன் என்று மறைக்காமல் சொன்னால் போதும். சிலருக்கு அதே காரணத்தாலேயே அந்தப் புத்தகம் பிடிக்கும். ‘வட்டார வழக்கு அதிகம், புரியவில்லை’ என்று ஒருவர் எழுதியதைப் பார்த்துத்தான் நான் தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யை எடுத்தேன்.

எழுதியவர் எனக்குச் சொந்தம். என்ன செய்வது?

எல்லைப்பக்கம் சின்ன ஊர்கள், எழுதுகிறவர் கண்டிப்பாக யாருக்காவது மாமன் மச்சானாகத்தான் இருப்பார். முதல் வரியிலேயே ‘இவர் என் சித்தப்பா மகன்’ என்று போட்டுவிட்டு எழுதுங்கள். இலவசமாக வந்த பிரதி என்றால் அதையும் சொல்லுங்கள். புகழ மனம் வராவிட்டால் எழுதாமல் விடலாம். கல்யாணத்தில் முகம் பார்க்க வேண்டுமே.

குழந்தைகளுக்கு எதைக் கொடுப்பது?

காமிக்ஸைப் பிடுங்காதீர்கள். 1972இல் முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு வந்ததிலிருந்து சிவகாசி இந்த மாநில எல்லையைத் தாண்டி வாசகர்களை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. கசாக்கைத் தமிழாக்கிய யூமா வாசுகி குழந்தைகளுக்கும் நிறைய எழுதியிருக்கிறார், மொழிபெயர்த்திருக்கிறார். 2024இல் பால சாகித்ய புரஸ்காரமும் அவருக்குக் கிடைத்தது. பள்ளியில் மலையாளமும் படிக்கும் பிள்ளைகளென்றால் ஒரே கதையை இரண்டு மொழியிலும் வாங்கிக் கொடுங்கள். தாத்தாவுக்கும் அது உதவும்.

காசு கொடுக்காமல், சட்டப்படி படிக்க வழி உண்டா?

உண்டு. இந்தியாவில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு முடிந்தால் படைப்பு பொதுவுடைமை. அதற்கு முன்பே பலருடைய எழுத்தைத் தமிழக அரசு நாட்டுடைமையாக்கியிருக்கிறது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பிலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் சங்க இலக்கியம் முதல் கல்கி வரை இலவசம். சேரர்களைப் பாடும் பதிற்றுப்பத்தை அங்கேயே படிக்கலாம். சேர நாட்டில் உட்கார்ந்துகொண்டு அதைப் படிக்காமல் இருப்பானேன்? வாட்ஸப்பில் சுற்றும் புதுப் புத்தக பிடிஎஃப்பை மட்டும் வட்டத்தில் பகிர வேண்டாம். இருநூறு பிரதி விற்றாலே பெரிது என்றிருக்கும் எழுத்தாளருக்கு அது நேரடி நஷ்டம்.

மதிப்புரையைத் தமிழில் எழுதுவதா, மலையாளத்திலா?

எந்த மொழியில் வருமோ அதில். ஒரு ஆசை மட்டும் சொல்கிறேன். மலையாளப் புத்தகம் தமிழுக்கு வரும் அளவுக்குத் தமிழ்ப் புத்தகத்தைப் பற்றி இங்கே மலையாளத்தில் பேச்சு இல்லை. நீல பத்மநாபன் இரண்டு மொழியிலும் எழுதினார். நம்மில் மலையாளம் எழுதத் தெரிந்த இளைஞர்கள் தமிழ்ப் புத்தகங்களை மலையாளத்திலும், பெரியவர்கள் மலையாளப் புத்தகங்களைத் தமிழிலும் அறிமுகம் செய்தால் ஒரே மேசையில் இரண்டு பக்கத்துக்கும் ஆள் கிடைப்பார்கள்.

எவ்வளவு நீளம்? எங்கே கொடுப்பது?

முந்நூறு சொல் போதும், ஆயிரத்தைத் தாண்ட வேண்டாம். கையெழுத்திலேயே தரலாம். மேலே நூல் பெயர், ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பகம், பதிப்பு ஆண்டு, பக்கம், விலை ஆகியவை கட்டாயம். பதிப்பு ஆண்டை மறக்க வேண்டாம், சில ஆசிரியர்கள் மறுபதிப்பில் திருத்துவார்கள். வாயனசாலை மேசையில் நீல அட்டை நோட்டு இருக்கிறது, அதில் ஒட்டிவிடுங்கள். அந்தப் புத்தகம் உங்களிடம் இரவல் கொடுக்க இருக்கிறதா என்பதையும் ஓரத்தில் குறியுங்கள். முக்கால்வாசிப் பேர் முதலில் பார்ப்பது அதைத்தான்.